பத்தாம் கட்டை நிலையம் எங்கே போனது?

செஞ்சா ரோட்டுக்காரன் எழுதியது:

சிங்கப்பூரின் பழைய விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி.

போன வருடம்தான் புக்கிட் பாஞ்சாங்குக்குக் குடிவந்தோம். என் மகளுக்கு ஏழு வயது. எல்ஆர்டி எனும் இலகு ரயிலில் ஏறினால் முன்பக்கக் கண்ணாடியை விட்டு நகரமாட்டாள். ஓட்டுநர் இல்லாத வண்டி என்பதால் அந்த இடம் தனக்குத்தான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அவள் கண்ணில்தான் அது முதலில் பட்டது. புக்கிட் பாஞ்சாங் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தடம் பிரிந்து, ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள் நுழைகிறது. "அப்பா, அந்த ரயில் யார் வீட்டுக்குப் போகிறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லத் தைரியம் இல்லாமல் "பழுது பார்க்கப் போகிறது" என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

பிறகு என் மைத்துனர் வீட்டில் ஒரு பழைய ரயில் வரைபடம் கிடைத்தது. அதில் பிபி 14, டென் மைல் ஜங்ஷன் என்று ஒரு நிலையம் இருக்கிறது. இப்போது ரயிலில் ஒட்டியிருக்கும் வரைபடம் பிபி 13 செஞ்சாவோடு முடிந்துவிடுகிறது. பதினான்காவது எங்கே போனது? ஏன் மூடினார்கள்? பத்து மைல் என்றால் எங்கிருந்து பத்து மைல்? மகள் விடமாட்டேன் என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் இப்போது தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நடைமேடை எழுதியது:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவாகச் சொல்ல ஆள் வருவார்.

புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டிதான் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் பாதை. 1999 நவம்பர் 6 அன்று பதினான்கு நிலையங்களோடு திறந்தார்கள். டென் மைல் ஜங்ஷனும் அன்றே திறந்தது. 2010 டிசம்பரில் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக மூடி, 2011 டிசம்பர் கடைசியில் மறுபடி திறந்தார்கள். பயணிகள் மிகக் குறைவு என்று 2019 ஜனவரி 13 முதல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்), எல்ஆர்டி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிங்கப்பூரில் அப்படி நிரந்தரமாக மூடப்பட்ட முதல் நிலையம் இதுதான்.

பொங்கோல் எல்ஆர்டி பக்கம் இதற்கு நேர்மாறாக ஒரு கதை நடந்தது. தெக் லீ நிலையம் இருக்கும் மேற்குச் சுற்று 2014இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த நிலையத்தில் மட்டும் வண்டி நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆள் குடியேறக் காத்திருந்து, 2024 ஆகஸ்ட் 15 அன்றுதான் கதவைத் திறந்தார்கள். அங்கே ஆள் வருவதற்கு முன்பே நிலையம் வந்துவிட்டது. இங்கே நிலையம் வந்தும் ஆள் வரவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரன் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ரயில் தன் வீட்டுக்கே போகிறது. நீங்கள் பயந்துகொண்டே சொன்ன பதில் சரிதான். அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் பணிமனை இருக்கிறது. கீழே கடைகள், மேலே ரயில்கள். கீழே நின்று காய்கறி வாங்குகிறவருக்குத் தலைக்கு மேல் ரயில் உறங்குவது தெரியாது. நிலையத்தை மூடிய பிறகும் பணிமனை அங்கேயேதான் இருக்கிறது, அதனால்தான் தடமும் இருக்கிறது. பயணி ஏறி இறங்குவது மட்டும்தான் நின்றுபோனது.

இனி உங்கள் கேள்வி. எங்கிருந்து பத்து மைல்? இதை ஒரு தபால்காரனிடம் கேட்டது பொருத்தம்தான். ஏனென்றால் கணக்கு தொடங்கிய இடமே பெரிய தபால் நிலையம். ஆற்றின் முகத்துவாரத்தில் இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டலாக இருக்கிறதே, அதே கட்டடம். அங்கிருந்து புக்கிட் தீமா ரோடு வழியாக வடக்கே வந்தால் பத்தாவது மைல் இங்கே விழும், ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர். அப்பர் புக்கிட் தீமா ரோடும் சுவா சூ காங் ரோடும் உட்லண்ட்ஸ் ரோடும் சந்திக்கும் முனை அது. நம்மவர்கள் மைல் என்று சொல்லமாட்டார்கள், கட்டை என்பார்கள். "பத்தாங்கட்டையில் இறங்கு" என்றால் பேருந்து நடத்துநருக்கும் புரியும், காப்பிக்கடைக்காரருக்கும் புரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1978இல். அதற்குள் நாடு கிலோமீட்டருக்கு மாறியிருந்தது. ஆனால் முகவரிகள் மாறவில்லை. "பத்தேமுக்கால் மைல், உட்லண்ட்ஸ் ரோடு" என்று எழுதி, கீழே பெயர் மட்டும் இருக்கும். வீட்டு எண் கிடையாது. பத்தரைக்கும் பத்தேமுக்காலுக்கும் நடுவே எத்தனை கம்பத்து (கிராமத்து) வாசல், எந்த வாசலில் எந்த நாய் என்பது எனக்கு முன்னால் இருந்த தபால்காரர் வாய்வழியாகச் சொல்லிக் கொடுத்த பாடம். நாய்களைப் பற்றித்தான் அவர் அதிக நேரம் பேசினார். பிறகு கம்பங்கள் போயின, அடுக்குமாடி வந்தது, புளோக் எண் வந்தது, அஞ்சல் குறியீடு வந்தது. வேலை சுலபமாயிற்று, அதை மறுக்கமாட்டேன். ஒரே புளோக்கின் தபால்பெட்டிகளை நிரப்பினால் ஒரு கம்பம் முழுக்கச் சைக்கிள் மிதித்ததற்குச் சமம்.

அந்த முனையில் இன்னொரு விஷயமும் இருந்தது. சுவா சூ காங் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மலாயன் ரயில் போகும். 1903இல் உட்லண்ட்ஸ் வரை போட்ட பாதை. மணி அடிக்கும், கேட்டு விழும், இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டும். நான் சைக்கிளை விட்டு இறங்கி, பையில் இருக்கும் கடிதங்களை அடுத்த தெருவுக்கு வரிசைப்படுத்திக்கொள்வேன். சரக்கு வண்டி என்றால் பாதித் தெரு முடிந்துவிடும். கேட்டுக்காரர்களில் ஒருவர் தமிழர். அவருக்கு ஊரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அதை முகவரிக்குக் கொண்டுபோகாமல் கேட்டிலேயே கொடுத்துவிடுவேன். அவர் உடனே பிரிக்கமாட்டார். சட்டைப்பையில் வைத்து, ரயில் போய்க் கேட்டைத் தூக்கிய பிறகுதான் பிரிப்பார்.

1999க்குப் பிறகு அந்த இடத்தில் நின்று மேலே பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கீழே தரையில் டீசல் புகையோடு பழைய ரயில். தலைக்கு மேல் கான்கிரீட் பாதையில், ரப்பர் சக்கரத்தில், ஓட்டுநர் இல்லாமல் ஒற்றைப் பெட்டி. கீழே போவது ஊரையே நடுங்க வைக்கும், மேலே போவது மின்தூக்கி மாதிரிச் சத்தமில்லாமல் நழுவும். பன்னிரண்டு வருடம் இரண்டும் சேர்ந்து ஓடின. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாயன் ரயில் கிளம்பியது. அன்று இங்கே ரோட்டோரம் அவ்வளவு கூட்டம். கவனித்தீர்களா, அந்த நாளில் டென் மைல் ஜங்ஷன் நிலையமும் பூட்டித்தான் கிடந்தது, புதுப்பிப்பு வேலைக்காக. ஆக அந்த இரவு பத்தாங்கட்டையின் பெயரில் திறந்திருந்த ரயில் நிலையம் என்று ஒன்றுமே இல்லை. இதை யாரும் எங்கும் எழுதவில்லை என்று நினைக்கிறேன், அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

இப்போது அந்த நிலையத்துக்கு வருகிறேன். பாதை திறந்த அடுத்த வாரம் அம்மாவை அழைத்துப் போனேன். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஓட்டுநர் இல்லை என்று சொன்னதும் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டார். "யாரைக் கேட்டு நிற்கும்?" என்று கேட்டார். ஒருவழியாக ஏற்றினேன். வண்டி வீட்டுச் சன்னல்களை ஒட்டிப் போகும்போது கண்ணாடி தானாக மங்கிவிடும், அடுக்குமாடிக்காரர்களின் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. இது அம்மாவுக்குத் தெரியாது. பனி படிந்திருக்கிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து வண்டி வீடுகளைத் தாண்டியது, கண்ணாடி தெளிந்துவிட்டது. "பார்த்தாயா, நான் துடைக்கவில்லை என்றால் ஒன்றும் தெரிந்திருக்காது" என்றார். கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

அன்று நாங்கள் இறங்கியது டென் மைல் ஜங்ஷனில். மற்ற நிலையங்கள் எல்லாம் ரோட்டின் மேல் திறந்தவெளியில் நிற்பவை. காற்று அடிக்கும், சாரல் வரும். இது மட்டும் கட்டடத்துக்குள் இருந்தது. நடைமேடை ஓரத்தில் எம்ஆர்டி சுரங்க நிலையங்களில் இருப்பதுபோல் கண்ணாடிக் கதவுகள். இறங்கினால் நேரே கடைத்தொகுதி. வசதி என்று பார்த்தால் அந்தப் பாதையிலேயே இதற்கு ஈடு கிடையாது. ஆனால் கூட்டம் மட்டும் வரவே இல்லை. சாதாரண நாளின் மதியத்தில் நானும் ஒரு துப்புரவுப் பணியாளரும்தான் இருப்போம்.

ஏன் வரவில்லை? வரைபடத்தைப் பாருங்கள். சுவா சூ காங்கிலிருந்து வால் மாதிரி ஒரு பாதை வருகிறது, புக்கிட் பாஞ்சாங்கில் அது ஒரு வளையமாக விரிகிறது. பெட்டிர், பெண்டிங், பங்கிட், ஃபஜார், செகார், ஜெலாப்பாங், செஞ்சா எல்லாம் வளையத்தின் மேல். ஜனங்கள் குடியிருப்பதும் அந்த வளையத்தைச் சுற்றித்தான். டென் மைல் ஜங்ஷன் வளையத்திலும் இல்லை, வாலிலும் இல்லை. பக்கத்தில் முளைத்த ஒரு கிளையின் நுனி. சுவா சூ காங்கிலிருந்து வருகிற வண்டிகள், செஞ்சா வழியாகச் சுற்றினாலும் பெட்டிர் வழியாகச் சுற்றினாலும், இங்கே எட்டிப் பார்க்காது. சி சேவை என்று ஒன்று மட்டும் அந்த நாட்களில் இங்கிருந்து கிளம்பி வளையத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பும். பணிமனைக்கு எப்படியும் தடம் போட்டாக வேண்டும், போட்ட தடத்தில் ஒரு நடைமேடையையும் வைத்துவிடுவோம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இது என் கணிப்புத்தான், ஆனால் முப்பது வருடம் இந்த ஊர்த் தெருக்களை மிதித்தவனின் கணிப்பு.

2015 டிசம்பர் 27 அன்று எம்ஆர்டியின் டௌன்டவுன் பாதை புக்கிட் பாஞ்சாங் வரை வந்ததும் மிச்சமிருந்த காரணமும் போய்விட்டது. நகரத்துக்குப் போக எல்லாருக்கும் ஒரே வாசல் ஆகிவிட்டது. நடந்து போகிற தூரத்தில் அவ்வளவு பெரிய வாசல் இருக்கும்போது, பக்கத்துச் சந்துக் கதவை யார் தேடுவார்கள்?

மூடியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கடைசி நாளில் போனேன். பத்தொன்பது வருடத்தில் பார்க்காத கூட்டம், ஆளுக்கு ஒரு கேமரா. அவர்களில் பாதிப் பேராவது மாதம் ஒருமுறை வந்திருந்தால் நிலையம் பிழைத்திருக்கும் என்று எரிச்சல் வந்தது. பெயர்ப்பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மைல் கணக்கைப் பெயரில் வைத்திருந்த ஒரு ரயில் நிலையம். கடைத்தொகுதி ஜங்ஷன் 10 என்று பெயர் மாற்றிக்கொண்டது. பக்கத்தில் வந்த கூட்டுரிமை வீடுகளுக்குத் தி டென்னரி என்று பெயர். இரண்டிலும் பத்து இருக்கிறது, ஆனால் மைல் இல்லை. எதிலிருந்து பத்து என்று கேட்டால் சொல்ல முடியாத பத்து.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், மகளிடம் சொல்லுங்கள். அந்த வளையத்தில் இருப்பவை பெரும்பாலும் அழகான மலாய்ப் பெயர்கள். ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்தி. ஃபஜாரில் ஏறி, செகார், ஜெலாப்பாங் இரண்டையும் தாண்டினால் அந்தி வந்துவிடும். பெட்டிர் என்றால் இடி மின்னல். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். செஞ்சா நமக்கு அந்நியமும் இல்லை, 'சந்தியா' என்ற வடசொல்தான் மலாயில் அப்படி ஆனது. நாம் சந்தியாகாலம் என்கிறோம், அவர்கள் செஞ்சா என்கிறார்கள். நீங்கள் குடியிருப்பது அந்தித் தெருவில், தம்பி.

ஊசியும் நூலும் எழுதியது:

தபால்கார அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. "நானும் துப்புரவுப் பணியாளரும்தான்" என்கிறீர்களே, என்னைக் கணக்கில் சேர்க்கவில்லையே!

அந்தக் கட்டடத்தில் ஒரு தையற்கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வீடு ஜெலாப்பாங் நிலையத்துக்குக் கீழே. காலையில் ஏறினால் ஒரு சொட்டு மழை படாமல் கடை வாசலில் இறங்கலாம். வாடிக்கையாளரின் பட்டுப்புடவையை ஓரம் அடித்துத் திரும்பக் கொண்டு போகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நவம்பர், டிசம்பர் மழையில் குடையையும் துணிப்பையையும் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய சந்திப்பைக் கடந்து பாருங்கள், தெரியும்.

பயணிகள் குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் அந்தக் குறைவான பயணிகள்? எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் மாதம் ஒருமுறை காற்சட்டை அளவு மாற்ற வருவார். மாதா மாதம் இளைத்துக்கொண்டே போனார், பாவம். ரயிலிலிருந்து மின்தூக்கி, மின்தூக்கியிலிருந்து கடை, வழியில் ஒரு படிகூடக் கிடையாது. எண்ணிக்கையில் அவர் ஒரு தலைதான். நிலையத்தை மூடிய பிறகு அவர் வரவில்லை. வேறு காரணமாகவும் இருக்கலாம்.

நீங்கள் சொன்ன கிளை நுனி விஷயம்தான் முழுக் காரணம் என்று எனக்கும் படுகிறது. சுவா சூ காங் போக வேண்டும் என்றால் புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி மாற வேண்டும். அடுத்த நிலையம்தானே, இறங்கி ஏறுவதற்குப் பதில் நடந்துவிடலாம் என்று சோம்பல் இல்லாதவர்கள் நடந்துவிட்டார்கள். நடக்க முடியாத எங்களைப் போன்றவர்கள்தான் மிஞ்சினோம்.

ஓய்வுபெற்ற தபால்காரன் எழுதியது:

தங்கச்சி, ஒப்புக்கொள்கிறேன். நான் போனது மதியம், நீங்கள் வந்தது காலை. தபால்காரனுக்கு எல்லா வாசலும் தெரியும், எல்லா நேரமும் தெரியாது.

மழை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. மழைக்கோட்டு போட்டே வாழ்ந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

இரண்டாம் நடைமேடை எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. பாதையைக் கட்ட ஆன செலவு 285 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பாதை முதுமை அடைந்ததும் என்ன செய்வது என்று யோசித்தபோது, மொத்தமாக எடுத்துவிட்டுப் பேருந்து விடலாமா என்பதுவரை பேச்சு போனது. கடைசியில் புதுப்பிப்பது என்று முடிவாகி, 2018இல் 344 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். புதிய பெட்டிகள், புதிய சமிக்ஞை முறை எல்லாம் அதில் அடக்கம். கட்டிய காசைவிடப் புதுப்பிக்கும் காசு அதிகம், பழைய வீடு வாங்கியவர்களுக்குப் பழகிய கணக்கு. அந்தப் புதுப்பெட்டிகளும் இரவில் போய் அடைவது டென் மைல் ஜங்ஷன் பணிமனையில்தான். பயணிகளுக்கான வரைபடத்தில் இல்லாத பெயர், பணிமனையின் பெயரில் இன்னும் இருக்கிறது. தபால்கார ஐயாவுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

செஞ்சா ரோட்டுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபஜாரில் ஏறினோம், அவள் கட்டளை. "இப்போது காலை" என்றாள். செஞ்சா வந்ததும் "இருட்டிவிட்டது, இறங்கக் கூடாது" என்றாள். புக்கிட் பாஞ்சாங்கை நெருங்கும்போது அந்தக் கிளைத்தடத்தைக் காட்டி, அது ரயிலின் வீடு என்று சொன்னேன்.

இறங்கிக் கட்டடத்துக்கும் போனோம். கீழே சுற்றினோம், மேலே எந்த வாசல் வழியாக நிலையத்துக்குப் போயிருப்பார்கள் என்று தேடினேன். அங்கே காவலுக்கு இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ரயிலா? ரயில் அந்தப் பக்கம்" என்று புக்கிட் பாஞ்சாங் நிலையத்தைக் கை காட்டினார். மேலே இருப்பதைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்கா, தையற்கடை ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது எங்கே தைக்கிறீர்கள் என்று சொன்னால், மகளின் பாவாடை ஒன்று ஓரம் அடிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அவளுடையதுதான். பத்தாம் கட்டை இங்கே என்றால் ஒன்பதாம் கட்டை எங்கே?

ஓய்வுபெற்ற தபால்காரன் எழுதியது:

அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் போங்கள். முருகன் மலைக் கோயில் இருக்கிற அதே ரோடு. கல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. மகளைப் புக்கிட் பாஞ்சாங் முனையிலிருந்து அடி எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். ஏழு வயதுக் காலுக்கு மூவாயிரத்துச் சொச்சம் அடி வரும். குடை எடுத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.